இருபத்தொன்று ஓடினவன் நாற்பத்திரண்டும் ஓடிவிடலாமா?



நம்ம ஊர் ரோட்டை வைத்தே இந்தப் பாடத்தைத் தொடங்கலாம். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம், கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஒருவன் ஓடியே குமரி போய்ச் சேர்ந்தால் அது கிட்டத்தட்ட அரை மாரத்தான் (சரியான தூரம் 21.0975 கி.மீ.). கடலைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறாமல் ஓடியே திரும்பினால் முழு மாரத்தான் (42.195 கி.மீ.). போகும்போது இருந்த கால் திரும்பும்போதும் இருக்குமா என்பதுதான் கேள்வி.

இந்த 42.195 என்ற விநோத எண், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையிலிருந்து ஸ்டேடியம் வரை ஓடிய தூரம். 1921ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். நம் நாட்டின் சிவ்நாத் சிங் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இதில் 11ஆம் இடம் பிடித்தார். 1978ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி அவர் வைத்த தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவே இல்லை!

அரை மாரத்தான் முழுசுக்கு மாடல் எக்ஸாம் என்று பலர் சொல்வார்கள். அதான் இல்லை. மாடல் எக்ஸாமில் ஐந்து யூனிட்டும் வரும். அரை மாரத்தானில் இரண்டரை யூனிட்தான் வருகிறது. கஷ்டமான கேள்வியெல்லாம் நாலாம் யூனிட்டின் நடுவில், அதாவது 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் ஆரம்பிக்கிறது.

காரணம் எளிது. ஓடும்போது கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவனுக்கு அரை மாரத்தானுக்கு 1,270 போதும். முழுசுக்கு 2,530 வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் தருவது ஏறக்குறைய 2,000தான். டேங்க் காலியானால் வண்டி நிற்கும் இல்லையா? உடம்பில் கொழுப்பு என்ற ரிசர்வ் உண்டு. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகமாக ஓடினால் கிளைக்கோஜன் சீக்கிரம் தீரும், நிதானமாக ஓடினால் கொழுப்பும் பங்கு கொடுக்கும். ஆகவே அரை மாரத்தானில் ஓடிய வேகத்தையே முழுசிலும் பிடிப்பவன் மாட்டிக்கொள்வான்.

அப்படியானால் அரை மாரத்தான் எதற்கு? வேகத்தை அளக்க. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்க எஞ்ஜினியர் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார்: தூரம் இரட்டிப்பானால் நேரத்தை 2ன் அடுக்கு 1.06 ஆல் பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 2.085 வரும். 2 மணியில் அரை முடித்தவனுக்கு முழுசு 4 மணி 10 நிமிடம். அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி ஓடியவன் 5.56ல் ஓட வேண்டும். வெறும் 15 நொடி வித்தியாசம்தானேன்னு நினைக்காதீங்க. நீண்ட பயிற்சி இல்லாதவனுக்கு இந்தக் கணக்கே கூடுதல் நம்பிக்கைதான். இன்னும் 20 நிமிடம் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

அரை முடிந்ததும் ஒரு வாரம் காலுக்கு ஓய்வு. பிறகு முழுசுக்கு முன் ஆறு முதல் எட்டு வாரம் இருக்க வேண்டும். வார இறுதி நீள ஓட்டம் 24, 27, 30 என்று ஏறட்டும்; கடைசி நீள ஓட்டம் மூன்று வாரத்துக்கு முன்பே முடியட்டும். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் ஓடுகிறவர்கள் ஆடிக் காற்றை மறக்க வேண்டாம். போகும்போது முதுகில் தள்ளிவிடும், திரும்பும்போது நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்!

சாப்பாட்டையும் அரை மாரத்தானிலேயே பழகிவிட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. விலை உயர்ந்த ஜெல் பாக்கெட் எதற்கு? நம்ம மட்டிப்பழம் இருக்கே! வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தாகத்துக்கு மிஞ்சி வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும், உப்பும் சேரட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், வேண்டவே வேண்டாம். கூட ஓடுகிறவன் பேச்சு குழறினால், தள்ளாடினால், அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி, 108ஐக் கூப்பிடுங்கள். ‘கொஞ்ச தூரம்தான் மக்கா, வா’ன்னு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எல்லாரும் முழுசு ஓடியே தீர வேண்டும் என்றும் இல்லை. சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் அரை மாரத்தானையே நூறு தடவைக்கு மேல் ஓடியிருக்கிறார். பேர் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் 400 மீட்டர் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று குறித்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 5.56 என்றால் ஒரு சுற்று 2 நிமிடம் 22 நொடி. பத்தாவது சுற்றிலும் அதே நேரம் வருகிறதா?