மொத்தம் எவ்வளவு? எழுதித் தரச் சொல்லுங்கள்

ஏசி மெக்கானிக், ஃபயர் அண்ட் சேஃப்டி, கேட்டரிங் என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை அழைக்கும் பல நோட்டீஸ்களில் கட்டணம் ஒரே ஒரு தொகையாகத்தான் இருக்கும். சேர்ந்த பிறகுதான் யூனிஃபார்ம், டூல் கிட், செய்முறைப் பொருள், தேர்வுக் கட்டணம், கடைசியில் சான்றிதழுக்குத் தனிப் பணம் என்று ஒவ்வொன்றாக வரும். கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில் குடும்பம் கடன் வாங்கியாவது கட்டும். கட்டணம் அதிகம் என்றால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மறைத்து வைத்த கட்டணத்தில் அந்த வாய்ப்பே இல்லை. இதுதான் பெரிய அநியாயம்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இரண்டுக்கும் பதிலை லெட்டர்பேடில், முத்திரையோடு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் முன்பணம் கட்ட வேண்டாம். அசல் டிசி, மார்க்‌ஷீட்டையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்; நகல் போதும்.

ஐடிஐ என்று சொன்னால், என்சிவிடி (தேசிய) அல்லது எஸ்சிவிடி (மாநில) தொழிற்பயிற்சிக் குழும இணைப்பு நீங்கள் சேரும் டிரேடுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு வாங்கிய அங்கீகாரம் பக்கத்து வகுப்புக்குச் செல்லாது. ரசீதையும் நிதானமாகப் படியுங்கள். இணைப்புள்ள ஐடிஐ நடத்தும், அப்ரண்டிஸ் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழிற்பிரிவுகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்தக் கோர்ஸ் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு ரசீதில் 18 சதவீதம் போட்டிருந்தால், அங்கேயே விளக்கம் கேளுங்கள். (ஜிஎஸ்டி இல்லை என்பதற்காக அங்கீகாரம் உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன நிறுவனங்கள் பல, ஜிஎஸ்டியில் பதிவே செய்திருக்காது.)

'வட்டியில்லாத் தவணை' என்று போனை நீட்டி ஓடிபி கேட்டால் உஷாராகுங்கள். அது பெரும்பாலும் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். வகுப்பு நின்றுபோனாலும் தவணை நிற்காது.

தமிழக அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். தனியாரிடம் போகும் முன் இங்கே இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்ரண்டிஸ் பயிற்சிக்கு யாராவது பணம் கேட்டால் கட்டாதீர்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி அங்கே உதவித்தொகை தர வேண்டியது நிறுவனம்தான்.

விளம்பரத்தை நம்பி ஏமாந்திருந்தால் நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.