நீர் மேலாண்மை: நம் பிள்ளைகளும் எட்டக்கூடிய உயர்கல்வி

மழைக்குப் பஞ்சமில்லாத நாடு நம் நாடு. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரம் சீவ இயலாமல் அன்றைய வருமானத்தை இழக்கும் தோட்ட மக்களுக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தீபகற்ப மலேசியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஹெக்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர் நீராகும். இவ்வாறு கணக்கிட்டால், ஒரு ஹெக்டர் ரப்பர்க் காட்டில் ஓராண்டில் இறங்கும் மழைநீர் 2 கோடியே 40 லட்சம் லிட்டர் ஆகிறது.

இத்தகைய நாட்டில் 1998ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பங்கீட்டு முறையில் குழாய் நீர் பெற நேர்ந்தது. அவை வறட்சியால் வந்த இடர்கள். ஆனால், 2020 செப்டம்பரில் நேர்ந்ததற்கு வறட்சி காரணமன்று. ரவாங் வட்டாரத்துச் சிற்றாறு ஒன்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றை அடைந்தது. அதனால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இயக்கத்தை நிறுத்தின. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்களிலும் கடைகளிலும் குழாய் வறண்டது. ஆற்றில் நீர் ஓடிற்று. வீட்டில் குடிக்க நீரில்லை.

ஆகவே, நீர் இருப்பது மட்டும் போதாது; அதனைக் காத்து, பங்கிட்டு, பயன்படுத்தியபின் தூய்மைப்படுத்தி ஆற்றுக்குத் திருப்பித் தரத் தெரிந்திருக்கவும் வேண்டும். நாளைய தலைமுறைக்கும் குறைவு நேராதவாறு இதனைச் செய்யும் முறையே நிலைத்த நீர் மேலாண்மை எனப்படுகிறது. இன்று பல்கலைக்கழகங்களில் இது ஒரு மேற்பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அப்படிப்பு யாது என்பதையும், அதனை நம் பிள்ளைகள் அடையும் வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நாம் நன்கறிந்த ரப்பர்ப் பாலையே எடுத்துக்கொள்வோம். மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆலையில் திராவகம் ஊற்றிப் பாலை உறைய வைத்து ரப்பரைப் பிரித்தெடுத்த பின், மீதமாகும் நீரில் புரதமும் சர்க்கரையும் உப்புகளும் தங்கியிருக்கின்றன. தொட்டிகளையும் இயந்திரங்களையும் கழுவிய நீரும் அதனுடன் சேர்கிறது. இந்நீர் அப்படியே ஓடையில் விழுந்தால், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அதிலுள்ள சத்தை உண்டு பெருகுகின்றன. அவ்வாறு பெருகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறி மடிகிறது. ஓடை கறுத்து நாற்றமெடுக்கிறது. மீனைக் கொல்வது திராவகம் மட்டுமே என்று எண்ணுவது சரியன்று. பாலில் எஞ்சிய சத்தே பெருங்காரணம் என்பதை இக்கல்வி விளக்குகிறது.

இதற்கு மாற்றும் உண்டு. கழிவுநீரை முதலில் ஆழமான குளத்தில் தேக்கினால், பிராணவாயு வேண்டாத நுண்ணுயிர்கள் பெரும்பகுதி அழுக்கைச் சிதைக்கின்றன. அடுத்து ஆழங்குறைந்த குளத்திற்கு விட்டால், வெயிலில் வளரும் பாசி பிராணவாயுவை ஊட்டுகிறது. எஞ்சிய அழுக்கும் குறைகிறது. குளம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நீர் அதில் எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கணக்கிடுவதே கற்றவர்களின் பணி.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. கழிவுநீர் எவ்வளவு பிராணவாயுவை விழுங்கும் என்பதே அவற்றில் முக்கிய அளவுகோல். செம்பனை ஆலைகளுக்கான வரம்பு 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என இருந்தது. ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984இல் 100 மில்லிகிராமாயிற்று. ஆலைகளை மூடாமல், அவை புதிய முறைகளைக் கைக்கொள்ள அவகாசம் தந்து, ஆறுகளின் சுமையைக் குறைக்க வகுத்த வழி இது. அறிவியலும் சட்டமும் பொருளியலும் ஒன்றுசேர்ந்தாலன்றி இத்தகைய திட்டத்தை வகுக்க இயலாது.

அதனால்தான் இம்மேற்படிப்பில் பல துறைகள் அடங்கியுள்ளன. மழையும் ஆற்றின் ஓட்டமும், நிலத்தடி நீர், நீரின் தரம், சுத்திகரிப்பு, வெள்ளத் தடுப்பு, நீர் தொடர்பான சட்டங்கள், கட்டணம், மக்களின் பங்கேற்பு ஆகியவற்றை மாணவர் பயில்கின்றனர். முதுநிலைப் பட்டத்திற்குப் பொதுவாக ஓராண்டு முதல் ஈராண்டு ஆகும். அதற்கு மேல் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறுவோருக்கு மூன்றாண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

பினாங்கு மாநிலத்து நிபோங் தெபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில், ஆற்றுப் பொறியியலுக்கும் நகர வடிகாலுக்குமான ஆய்வு மையம் 2001 முதல் இயங்குகிறது. அவ்வளாகத்தில் மழைநீரை உடனே வெளியேற்றும் கான்கிரீட் கால்வாய்களுக்கு மாறாக, நீரை மெல்ல நடத்தி மண்ணில் இறங்கச் செய்யும் புல்வாய்க்கால்களை அமைத்துள்ளனர். வெளிநாட்டில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1957இல் தொடங்கப்பெற்ற நீர்க் கல்வி நிலையத்தில் பல நாட்டினரும் பயில்கின்றனர்.

எனினும், பிற நாட்டு அறிவை அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை. கழிவுநீர் விழுங்கும் பிராணவாயுவைக் குளிர் நாடுகளில் 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்து அளக்கின்றனர். நம் நாட்டு ஆலை விதிமுறைகளிலோ 30 பாகையில் மூன்று நாள் என்று வகுத்துள்ளனர். நமது ஆறு வெதுவெதுப்பானது. அதில் நுண்ணுயிர்கள் விரைந்து செயற்படுகின்றன. நம் மண்ணை அறிந்தவர் இத்துறைக்குத் தேவை என்பதற்கு இதுவே சான்று.

இக்கல்விக்குச் செல்லும் பாதை பல்கலைக்கழகத்தில் தொடங்குவதில்லை; நான்காம் படிவத்தில் தொடங்குகிறது. கணிதம், இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றைக் கற்று எஸ்.பி.எம். தேர்வில் தேறியோர், எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் வழியாகப் பட்டப் படிப்புக்குச் செல்லலாம். பொறியியல் பட்டத்திற்கு நான்காண்டு ஆகும். பொறியியல், இரசாயனம், சுற்றுச்சூழல், புவியியல், விவசாயம் போன்றவற்றில் பட்டம் பெற்றோர் அவரவர் துறைக்கேற்ற நீர்ப் படிப்பில் சேர வழியுண்டு. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பயில்வோரும் உளர்.

இப்பாதை நீண்டது, செலவும் உண்டு. அதனை மறைத்துப் பயனில்லை. அறிவியல் பாடங்கள் கடினமென்று அஞ்சி, பதினாறு வயதில் பிள்ளையை வேறு பாடங்களுக்கு மாற்றிவிட்டால், பின்னர் இக்கதவு திறப்பது அரிது. எனவே, மூன்றாம் படிவத்திலேயே பெற்றோர் பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் கண்டு பேசுதல் வேண்டும். எந்தப் பாடத்தில் பிள்ளை தளர்ந்திருக்கிறது என்று கேட்டறிந்து, அப்பாடத்திற்கு அப்போதே துணை தேடுதல் வேண்டும்.

குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் கால்வாய் எந்த ஓடையில் கலக்கிறது, அவ்வோடை எந்த ஆற்றைச் சேர்கிறது, அந்த ஆற்று நீரை எந்த ஊரார் குடிக்கின்றனர் என்று இன்று மாலையே நம் பிள்ளைகளைக் கேட்போம். விடை தெரியாவிடின் வரைபடத்தைப் பார்த்து அவர்களுடன் சேர்ந்து தேடுவோம். நீர் மேலாண்மையின் முதற்பாடம் அதுவே. அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.