இணைய விற்பனை வேலையா? பில்லைப் படிக்கப் பழகுங்கள்

புதுச்சேரிப் பொருளுக்கு வெளியூர்ச் சந்தை புதிதல்ல. 1978-இல் இங்கே சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன், தோல் பைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பி வளர்ந்தது. இன்று ஊதுபத்தி, கைக்காகிதம், வில்லியனூர் சுடுமண் சிற்பம் எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. இந்த விற்பனையைக் கவனிக்க ஆள் வேண்டும். போட்டோ எடுத்து விளம்பரம் போடுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆர்டர் விழுந்த பிறகுதான் உங்கள் திறமைக்கு வேலை.

வீட்டுக்கு வாங்குபவர்

ஒரு பொருள் வாங்குவார். யுபிஐயில் உடனே பணம் கட்டுவார். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார். இவருக்கு முக்கியம் சரியான ஸ்டாக் கணக்கு. மிஷன் வீதிக் கடையில் கடைசிப் பை விற்றுப்போனால், அடுத்த நிமிடமே எல்லாத் தளங்களிலும் 'ஸ்டாக் இல்லை' என்று மாற வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதி.

நிறுவனத்துக்கு வாங்குபவர்

ஒரு ஓட்டல் 500 சோப்பு கேட்கிறது என்று வையுங்கள். கொட்டேஷன், பர்சேஸ் ஆர்டர், மொத்த விலை, கடன் தவணை எல்லாம் சிஸ்டத்தில் ஏற வேண்டும். அவர்களின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் ஒன்று பிசகினாலும், கட்டிய வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுள்ள உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். பொருள் ஒப்படைத்த தேதியைக் கவனித்து நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.

நம்மூருக்கே உரிய சிக்கல்

முத்தியால்பேட்டையை ஒட்டிய கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அங்கே பார்சல் அனுப்பினால் வெளிமாநில விற்பனை. ஐஜிஎஸ்டி போட வேண்டும். ஆந்திரா சூழ்ந்த ஏனாமும் புதுச்சேரியின் பகுதிதான்; அங்கே அனுப்பினால் உள்மாநிலக் கணக்கு. சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் போதும். ஜிஎஸ்டியில் நம் மாநிலக் குறியீடு 34, தமிழ்நாட்டுக்கு 33. சென்னை நிறுவனம் ஒன்று, புதுச்சேரியில் இருக்கும் தன் வாடிக்கையாளரிடம் நேராகப் பொருளைக் கொடுக்கச் சொன்னாலும் பில் சென்னை நிறுவனத்தின் பெயரில் என்பதால் ஐஜிஎஸ்டிதான்.

ஜிஎஸ்டி பதிவில்லாத சிறு கைவினைஞர்களும் 2023 அக்டோபர் 1 முதல் பெரிய விற்பனைத் தளங்களில் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். நமக்கு அந்த எல்லை மிகச் சிறியது. ஆகவே இங்கே தொழில் வளர வேண்டுமானால் பதிவு செய்துகொள்வதே நல்லது.

கற்க வேண்டியவை

முதலில் எக்ஸெல், டேலி இரண்டும் கைவர வேண்டும். அடுத்து, தளங்கள் அனுப்பும் செட்டில்மென்ட் அறிக்கையை வரி வரியாகச் சரிபார்க்கப் பழகுங்கள்: விற்ற விலை, கமிஷன், கூரியர் கட்டணம், ரிட்டர்ன், தளம் ஜிஎஸ்டிக்காகப் பிடிக்கும் 0.5 சதவீத வரி (டிசிஎஸ்). வங்கியில் விழுந்த தொகை இதோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லத் தெரிந்தவரை எந்த முதலாளியும் விடமாட்டார்.

நேர்காணலுக்குப் போகும் முன், கோட்டக்குப்பம், ஏனாம், சென்னை என மூன்று ஊர்களுக்கு மாதிரி பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழ்களைவிட அந்த மூன்று பில்கள் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.