மேசைமேல் ஒரு முற்றுகை

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் இடைக்கால ஐரோப்பாவை நடத்தும்போது, அரசர், பிரபு, குதிரை வீரர், பண்ணையாள் என்று மேலிருந்து கீழாக ஒரு பிரமிடைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். கோட்டை என்பது பக்கத்து ஓரத்தில் இருக்கும் ஒரு படம். அந்தப் பிரமிடின் அடியில் இருந்தவர்கள் கோட்டைக்கு உள்ளே வாழ்ந்தார்களா, வெளியே வாழ்ந்தார்களா, போர் வந்தால் எங்கே போனார்கள் என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. கேட்க வைக்க வேண்டும் என்பதற்காகவே சென்ற கல்வியாண்டில் அட்டையில் ஒரு கோட்டையைக் கட்டி, இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதை முற்றுகையிட்டு விளையாடினோம்.

சிறு வீரர்களையும் சிறு கோட்டைகளையும் வைத்து, விதிமுறைகளோடு மேசைமேல் போர் விளையாடுவது ஐரோப்பாவில் பெரியவர்கள் பலரின் பொழுதுபோக்கு. இதன் வேர் பிரஷ்ய ராணுவப் பயிற்சியில் இருக்கிறது. ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் உருவாக்கிய விளையாட்டை 1824இல் பிரஷ்யத் தலைமைப் படைத்துறை ஏற்றுக்கொண்டது. அறிவியல் புனைகதை எழுதிய ஹெச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தில் பொம்மை வீரர்களுக்கும் பொம்மைப் பீரங்கிக்கும் விதிகள் வகுத்தார். நமக்கு வேண்டியது அவர்களுடைய பகடையும் அட்டைக் கோட்டையும் மட்டும்தான்.

நான் தேர்ந்தெடுத்தது பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், செய்ன் ஆற்றின் மேலே குன்றில் நிற்கும் ஷாத்தோ கயார். இங்கிலாந்தின் அரசர் முதலாம் ரிச்சர்டு 1196 முதல் 1198 வரை, இரண்டே ஆண்டுகளில் கட்டி முடித்தது. அவர் இறந்தபின் தம்பி ஜான் அரசரானார். பிரான்சின் இரண்டாம் பிலிப் 1203இல் அதை முற்றுகையிட்டு, 1204 மார்ச் 6 அன்று பிடித்தார். தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிந்த முற்றுகை என்பதால் வகுப்புக்கு வசதி. கோட்டையின் அமைப்பும் எளிது: முன்னால் முக்கோண வடிவில் வெளிக்கோட்டை, அடுத்து நடுக்கோட்டை, அதற்குள் உள்கோட்டை, அதனுள் பிரதான கோபுரம். ஒன்றைப் பிடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது.

முதல் வேலை கணக்கு ஆசிரியரிடம் போனது. மேசை விளையாட்டில் பரவலாகப் புழங்கும் அளவுகளில் ஒன்று 1:72. ஒருவரின் உயரம் 170 செ.மீ. என்றால், 72ஆல் வகுக்க, காகித வீரன் ஏறக்குறைய 2.4 செ.மீ. இருப்பான். 10 மீட்டர் மதில் 14 செ.மீ. ஆகும். இதுவரை சரி. கோட்டையின் நீளம் சுமார் 200 மீட்டர். அதே அளவில் அது 2.78 மீட்டர் ஆகிவிடும். எங்கள் இரு மேசைகளும் கொள்ளாது. மேசைப் போர் விளையாடுபவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: உயரத்துக்கு ஓர் அளவு, தரைக்கு வேறோர் அளவு. தரைக்கு 1:200 எடுத்தோம். கோட்டை சரியாக ஒரு மீட்டர் ஆனது. ஆனால் வாசலைத் தரை அளவில் வெட்டினால் வீரன் நுழைய முடியவில்லை. “அப்ப எது சார் பொய்? கதவா, ஆளா?” என்று ஒரு மாணவன் கேட்டான். விகிதம் பற்றி நான் நடத்தியிருக்கக்கூடிய எந்த எடுத்துக்காட்டையும்விட அந்தக் கேள்வி மேல். வரைபடத்தில் சாலையின் அகலம் ஏன் உண்மை அளவில் இருப்பதில்லை என்பதுவரை பேச்சு நீண்டது.

கட்டுமானத்துக்குப் பெரிய செலவு இல்லை. எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. நேரான மதில்களுக்கு மளிகைக் கடை அட்டைப் பெட்டி. நெளி அட்டையின் ஒரு பக்கத் தாளை நனைத்து உரித்துவிட்டால் அது நெளிவின் போக்கில் எளிதாக வளையும். வட்டக் கோபுரங்களுக்கு அதுதான். ஷாத்தோ கயாரின் உள்மதில் வித்தியாசமானது. அரைவட்டங்களை அடுத்தடுத்து ஒட்டவைத்ததுபோல் வெளிப்புறம் முழுவதும் புடைத்துப் புடைத்து இருக்கும். பிளக்ஸ் பேனர் கடைகளில் தூக்கிப்போடும் அட்டைக் குழாய்களை நீளவாக்கில் பிளந்து அதைச் செய்தோம். கல் வரிசைக்கு முட்டை அட்டையைச் சிறு செவ்வகங்களாகக் கிழித்து ஒட்ட வேண்டும். கத்தரித்தால் ஓரம் நேராகி, கல் செங்கல்போல ஆகிவிடுகிறது. முதலில் அடர்ந்த சாம்பல் நிறம் பூசி, காய்ந்தபின் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர் சாம்பலைத் தொட்டு மேலோட்டமாகத் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் நிறம் ஏறிக் கல் துருத்திக்கொண்டு நிற்கும்.

தெர்மோகோல் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்பிரே பெயிண்டில் உள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துவிடும். தண்ணீரில் கரையும் நிறங்களே போதும். சூடான கம்பியால் வெட்டுவதும் வகுப்பறையில் வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல.

மதிலின் உச்சியில் வீரர் மறைந்து நின்று எய்வதற்கான பல்வரிசை அமைப்பை ‘ஞாயில்’ என்று சொல்லிக்கொடுத்தேன். தமிழாசிரியர் இன்னொன்று சேர்த்தார். புறப்பொருள் இலக்கணத்தில் மதிலை வளைப்போர் சூடுவது உழிஞை, காப்போர் சூடுவது நொச்சி. எங்கள் இரு அணிகளின் பெயர்களும் அவையே ஆயின. நார்மண்டியில் நொச்சி ஏது என்று யாரும் கேட்கவில்லை.

விளையாட்டுக்கு முன் ஒரு சோதனை செய்தோம். இடைக்கால முற்றுகையில் மதிலை உடைக்கச் சிறந்த வழிகளில் ஒன்று, அதன் அடியில் சுரங்கம் தோண்டி, மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, பிறகு முட்டுகளைக் கொளுத்திவிடுவது. முட்டு எரிந்ததும் மேலே உள்ள சுவர் சரியும். சதுரக் கோபுரத்தின் மூலைக் கற்களை இரு பக்கத்திலிருந்தும் பெயர்க்கலாம். வட்டக் கோபுரத்தில் மூலையே கிடையாது. ஜான் அரசர் 1215இல் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டபோது, முட்டுகளை எரிப்பதற்காகக் கொழுத்த பன்றிகள் நாற்பதை அனுப்பச் சொல்லி உத்தரவிட்டார். சதுரக் கோபுரத்தின் ஒரு மூலை விழுந்தது. பின்னர் அந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள். இன்றும் மூன்று மூலை சதுரமாகவும் ஒன்று வட்டமாகவும் நிற்கிறது. மணல் தட்டில் ஒரு சதுர அட்டைக் கோபுரத்தையும் ஒரு வட்டக் கோபுரத்தையும் நிறுத்தி, கரண்டியால் அடியில் மணலை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரே முடிவு வராது. ஐந்து முறை செய்து பதிவு செய்யச் சொல்லுங்கள்; அறிவியல் பாடத்துக்கும் ஆகும்.

இனி முக்கியமான பகுதி. பிரெஞ்சுப் படை நெருங்கியதும் குன்றின் கீழிருந்த ஊர் மக்கள் ஓடிவந்து கோட்டைக்குள் புகுந்தார்கள். கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசி, உணவு போதாது என்று போரிடாதவர்களை வெளியேற்றினார். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போக விட்டது. பின்னால் வந்தவர்களை விடவில்லை. கோட்டைக் கதவும் திறக்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே, குளிர்காலத்தில், திறந்த சரிவில் அவர்கள் பல வாரங்கள் கிடந்தார்கள். பலர் பசியால் இறந்தார்கள். இறுதியில் பிலிப் மனமிரங்கி எஞ்சியவர்களைப் போக விட்டதாக, அவருடைய மதகுருவும் முற்றுகையை நேரில் கண்டவருமான பிரெட்டன் வில்லியம் எழுதியிருக்கிறார். எழுதியவர் யாருடைய ஆள் என்பதை மாணவர்களிடம் சொல்லாமல் இந்த வரியைக் கடக்கக் கூடாது.

இதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. விதி மட்டும் கொடுத்தேன். ஒரு சுற்று இரண்டு வாரம். மொத்தம் 13 சுற்றுகள். கோட்டையில் 40 தானிய வில்லைகள். படைக்குச் சுற்றுக்கு 2 வில்லை, ஊர் மக்களுக்கு 3. ஊர் மக்கள் புளியங்கொட்டைகள். எல்லோரும் உள்ளே இருந்தால் தானியம் 8 சுற்றுக்கு வரும். படை மட்டும் என்றால் 20 சுற்றுக்கு.

‘அ’ பிரிவில் நொச்சி அணி இந்தக் கணக்கைப் போட்ட உடனேயே கொட்டைகளை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உழிஞை அணித் தலைவி அவற்றை வழிவிடவில்லை. “அவங்க உள்ள இருந்தாத்தான் சார் சீக்கிரம் சோறு தீரும், திருப்பி அனுப்புறேன்” என்றாள். பிலிப்பின் கணக்கும் அதுவே. நொச்சி கதவைத் திறக்கவில்லை. கொட்டைகள் அகழிக்கும் முகாமுக்கும் நடுவே மேசைமேல் கிடந்தன. அதன்பின் இரு அணியும் அவற்றைத் தொடவில்லை. சுரங்கத்துக்கு இடம் வேண்டும் என்று ஒருவன் அவற்றைப் புறங்கையால் ஒதுக்கினான்.

‘ஆ’ பிரிவில் ஒன்றை மாற்றினேன். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு வயது, ஒரு தொழில் எழுதிச் சீட்டு ஒட்டச் சொன்னேன்: படகோட்டி, மாவு அரைக்கும் பெண், கைக்குழந்தை, கால் ஊனமான முதியவர். அங்கே விவாதம் பாடவேளை முழுவதும் ஓடியது. படகோட்டியை அனுப்பலாம், குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்; குழந்தையின் அம்மா சண்டை போடமாட்டாளே என்றது மறுபக்கம். கடைசியில் யாரையும் அனுப்பவில்லை. எட்டாம் சுற்றில் தானியம் தீர்ந்து சரணடைந்தார்கள்.

‘ஆ’ பிரிவினர் நல்லவர்கள், ‘அ’ பிரிவினர் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. டி லேசிக்கும் அந்தச் சீட்டுகளில் இருந்தவர்களைத் தெரிந்துதான் இருக்கும். இரு பிரிவுகளையும் சேர்த்து உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னேன். கோட்டை உண்மையில் எப்படி விழுந்தது என்பதையும் சொன்னேன். வெளிக்கோட்டையின் கோபுரம் சுரங்கத்தால் சரிந்தது. நடுக்கோட்டைக்குள் சில வீரர்கள் கழிவறைத் துவாரம் வழியாக ஏறினார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள்; தேவாலயச் சன்னல் என்போரும் உண்டு. (கழிவறை என்றதும் வகுப்பு எவ்வளவு சத்தம் போட்டது என்று எழுத வேண்டியதில்லை.) உள்கோட்டை வாசலுக்கு இட்டுச்சென்ற பாலம், குன்றின் பாறையையே வெட்டாமல் விட்டு அமைத்தது. அது சுரங்கம் தோண்டியவர்களுக்குக் கூரையாகிவிட்டது. சுரங்கமும் கல்லெறி பொறியும் அந்த மதிலை உடைத்தன.

‘அ’ பிரிவின் நொச்சி அணித் தலைவன் சற்று நேரம் கழித்து, “அப்ப தானியம் தீர்ந்ததால தோக்கலயா சார்?” என்றான். இல்லை, மதில் உடைந்ததால் தோற்றார்கள் என்றேன். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிரிவில் யாரோ, “வெளிய அனுப்பினப்ப அது அவருக்குத் தெரியாதே” என்றார்கள். அங்கிருந்து பேச்சு மாணவர்கள் கைக்குப் போயிற்று. நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

தொடக்க வகுப்புகளுக்கு முற்றுகை வேண்டாம். ஒரு மதிலும் ஒரு கோபுரமும் கட்டி, சுற்றளவும் பரப்பளவும் அளந்தால் ஒரு வாரத்துக்கு வேலை இருக்கும். உயர்நிலை வகுப்புகளுக்குக் கட்ட ஆறு பாடவேளை, விளையாட இரண்டு, பேச ஒன்று என்று ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்றால் கட்டுவதில் குறைத்துக்கொள்ளலாம், பேசுவதில் குறைக்க வேண்டாம். மாதிரியை மதில் மதிலாகப் பிரித்து எடுக்கும்படி ஒட்டாமல் வைத்தால் ஒரே பெட்டியில் அடங்கும். எலி முட்டை அட்டையையும் மைதாப் பசையையும் விரும்பும். பசையில் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள், அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கை படும் பொருளில் நான் சேர்ப்பதில்லை. தகரப் பெட்டிதான். புளியங்கொட்டைகளைச் சீட்டோடு தனி டப்பாவில் போட்டு அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.