மாட்டின் மூச்சு முட்டும் வேளை

மழையால் தறி ஓயும் நாளிலும், வெயிலால் கழனி காயும் நாளிலும், நம் அங்கத்தினர் பலர் வீட்டில் அடுப்பெரிவது கொட்டிலில் நிற்கும் கறவை மாட்டினாலேயே ஆகும். காலையில் பால் கறந்த பசு உச்சிப்பொழுதிற்குள் மாண்டுபோவதும் உண்டு. அத்தகைய அவசர நிலைகள் மூன்றினை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மாம்பழக் காலமொன்றில் ஒரு சங்கத்தின் பதிவேடுகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தோம். நெசவாள அங்கத்தினர் ஒருவரின் பசு வயிறு உப்பித் தவிக்கிறதென்று அவர் மகன் ஓடிவந்து சொன்னான். நாம் சென்றபொழுது, அக்கம்பக்கத்தார் பசுவின் தலையை உயரத் தூக்கி மூங்கில் கொட்டத்தால் எண்ணெய் புகட்டிக் கொண்டிருந்தனர். பசு இருமித் துடித்தது; மருத்துவர் வருமுன் சாய்ந்தது. பின்னர் அறுத்துச் சோதித்ததில், உணவுக்குழாயை மாங்கொட்டை அடைத்திருந்ததும், எண்ணெய் நுரையீரலில் இறங்கியிருந்ததும் தெரிந்தன. அன்பினால் செய்த காரியமே உயிருக்கு வினையாயிற்று. கடனில் ஒன்பது தவணைகள் பாக்கி. அருகில் நின்ற நமக்கும் தடுக்கத் தெரியவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். இப்பாடம் எழுந்த காரணம் அதுவே.

உப்புசம் உண்டாவது எவ்வாறு?

மாட்டின் முதல் வயிறு இடப்புறம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய பை. தீனி அங்கே புளித்து, கரியமில வாயுவும் மீத்தேன் வாயுவும் ஓயாமல் உண்டாகின்றன. மாடு ஏப்பமிட்டு அவற்றை வெளியேற்றுகிறது. ஏப்பம் நின்றால் வயிறு உப்பி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை முன்னே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடமின்றி மாடு மூச்சு முட்டி இறக்கிறது. ஆகவே இது வயிற்று நோயாகத் தொடங்கி மூச்சுத் திணறலாக முடிவது.

ஏப்பம் நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு. குதிரைமசால் போன்ற இளம் பயறுவகைத் தீவனத்தை வெறும் வயிற்றில் மிகுதியாகத் தின்றால் வாயு நுரையாகிச் சிக்கிக்கொள்ளும்; இது நுரை உப்புசம். மாங்கொட்டையோ கிழங்கோ உணவுக்குழாயை அடைத்தால் வாயுவுக்கு வழியே இல்லாமற்போகும். இது அடைப்பு உப்புசம்.

மருத்துவர் வருமுன்

முதற்கடமை மருத்துவருக்குச் செய்தி அனுப்புவது. தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். பின்னர் முன்னங்கால்கள் மேட்டில் இருக்குமாறு மாட்டை நிறுத்துக; படுக்க விடாதீர். தீனியை அகற்றுக. மாடு நன்றாக விழுங்குமாயின், வாயின் குறுக்கே வேப்பங்குச்சியைக் கடிவாளம்போற் கட்டினால் எச்சில் ஊறி ஏப்பம் வரக்கூடும். நுரை உப்புசத்தில், மருத்துவர் யோசனைப்படி வளர்ந்த மாட்டிற்குக் கால் முதல் அரை லிட்டர் வரை கடலை எண்ணெய் கொடுப்பதுண்டு. அப்பொழுதும் தலையைத் தூக்கலாகாது, நாக்கை இழுக்கலாகாது, இருமினால் உடனே நிறுத்துக.

கழுத்தை நீட்டி, எச்சில் ஒழுகி, குடித்த நீர் திரும்பி வந்தால் அடைப்பென்று ஐயுறுக. அப்பொழுது எதையும் புகட்டாதீர். வெறிநோயிலும் இக்குறிகள் தோன்றுமாதலால் வெறுங்கையை வாயினுள் விடாதீர்.

மருத்துவர் செய்வது

மருத்துவர் வாய்வழியே குழாய் செலுத்தி வாயுவை வெளியேற்றுவார். உயிர் போகும் நிலையாயின், இடப்புறத்தில் கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவே, டிரோகார் என்னும் கூரிய கருவியால் துளைத்து, அதன் உறைக்குழலை உள்ளே நிறுத்துவார். வாயுவைச் சிறிது சிறிதாகவே விடுவார். சட்டென்று விட்டால் மாடு மயங்கி விழக்கூடும். அவ்வாயு தீப்பற்றும் தன்மையதாதலால் அருகில் பீடியும் விளக்கும் கூடா. நுரை உப்புசத்தில் குழல் அடைத்துக்கொள்ளின் வயிற்றையே திறக்க நேரிடும். இவற்றைக் கண்டு, கத்தியால் நாமே குத்தத் துணிவது தவறு. வயிற்றுச் சரக்கு உள்ளே சிந்திச் சீழ்ப்பிடித்தால் பிழைத்த மாடும் சில நாளில் மடியும்.

நெசவாளர் கவனத்திற்கு

தறி வீட்டுக் குப்பையில் ஊசியும், முறிந்த அச்சுப்பல்லும், கம்பித்துண்டும் கிடக்கும். மாடு தீனியை மெல்லாமல் விழுங்கும் இயல்புடையது. தீனியோடு சென்ற கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கும். அதற்கு முன்னே உதரவிதானம், அதற்கடுத்து இதயம். சினை முற்றும்போதும் ஈனும்போதும் உண்டாகும் அழுத்தத்தால் கம்பி நெஞ்சுக்குள் ஏறக்கூடும். முதுகை வளைத்து நிற்றல், முனகுதல், சரிவில் இறங்கத் தயங்குதல், அடிக்கடி உப்புசம், முன்மார்பில் வீக்கம் ஆகியவை குறிகள். தொடக்கத்தில் வயிற்றைத் திறந்து கம்பியை எடுத்து மாட்டைக் காக்கலாம். இதயம் பழுதுபட்டபின் பெரும்பாலும் வழியில்லை. குப்பைக்கென ஒரு மூடிய தகரம் வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

சங்கத்தின் கடமை

மேற்சொன்ன அங்கத்தினரின் பசுவிற்குக் காப்பீடு புதுப்பிக்கப்படவில்லை. அதனை நாமும் பதிவேட்டில் முன்னரே கவனித்திருக்க வேண்டும். கடன் கொடுத்ததோடு சங்கத்தின் வேலை முடிவதில்லை. காப்பீட்டுக் கெடுவும், மாட்டின் காதுவில்லை எண்ணும் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். மருத்துவரின் எண் அறிவிப்புப் பலகையில் இருத்தல் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் விவாதிக்க:

1. உப்பிய மாட்டிற்கு எண்ணெய் புகட்டலாகாத நிலை யாது?
2. நம் ஊருக்குக் கால்நடை மருத்துவர் வந்துசேர எவ்வளவு நேரமாகும்?
3. நம் சங்கக் கடனில் வாங்கிய மாடுகளுள் காப்பீடு முடிந்தவை எத்தனை?

மூன்றாம் வினாவிற்கு விடையைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தே சொல்லுக.