கைபேசிக்கு வரும் காசும் வருமானமே
இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கடை, தையல், முச்சக்கரவண்டித் தொழில்களுக்கு ஈஸி கேஷிலோ லங்கா கியூஆரிலோ வரும் பணமும், கையில் வாங்கும் காசைப் போலவே, வருமானக் கணக்கில் சேரும். கணக்குக்கு எடுப்பது முழு வரவை அல்ல, செலவு போன இலாபத்தை. அதனுடன் சம்பளத்தையும் கொழுந்து விற்ற இலாபத்தையும் கூட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரியில்லை. பெட்டிக்கடை இலாபம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். மிஞ்சினால், மிஞ்சும் தொகையில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம் வரி.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுச் செலவுக்கு அனுப்புவது வருமானமல்ல. ஆனால் வியாபாரப் பணமும் அதே கைபேசி இலக்கத்துக்கு வந்தால் பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. ஆகவே கடைக்குத் தனி இலக்கம் நல்லது. வரி விதிக்கத்தக்கவர்கள், மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான வருமான விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும்.