ஆகாய விமானத்தில் தொழுகை நேரம்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் நகருக்கு எங்கும் இறங்காமல் நேரே செல்லும் விமானம் 2020-ம் ஆண்டு முதல் பறந்து வருகிறது. தூரம் ஏறத்தாழ 15,300 கிலோ மீட்டர். பயண நேரம் 18 மணிக்கும் அதிகம். இவ்வளவு நீண்ட பயணத்தில் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தொழுவது?

எந்த ஊர்க் கடிகாரத்தையும் அல்ல. தொழுகையின் நேரங்களை ஷரீஅத் சூரியனைக் கொண்டே நிர்ணயித்துள்ளது. முஸாபிர் அந்த வேளையில் எங்கே இருக்கிறாரோ, அங்கே அவருக்குச் சூரியன் நிற்கும் நிலையே கணக்கு.

நள்ளிரவில் புறப்பட்டு, பஸிபிக் மாக்கடல் வழியே கிழக்கு நோக்கிப் பறப்பதாக வைத்துக் கொள்வோம். இப்போது நாம் சூரியனை எதிர்கொண்டு ஓடுகிறோம். நான்கைந்து மணி நேரத்தில் ஸுபுஹு வந்து விடும். இரவும் பகலும் சமமாயிருக்கும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் அன்றைய பகல் ஆறேழு மணி நேரத்திலேயே முடிந்து போகும். சிங்கப்பூர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆகட்டும், லுஹர் தொழலாம் என்று காத்திருப்பவருக்கு அதற்குள் மக்ரிபே வந்திருக்கும்! லுஹரும் அஸரும் களாவாகிவிடும். சன்னல் மூடிகளை இறக்கி, விளக்கையும் அணைத்து எல்லோரும் தூங்கும்போது இந்தத் தவறு எளிதில் நேர்ந்து விடுகிறது. மூடியைச் சற்றே உயர்த்திப் பார்த்தால் போதுமே!

ஷாபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் ஜம்உ செய்து கொள்ளலாம். ஹனபி மத்ஹபினர் அதனதன் நேரத்திலேயே தொழ வேண்டும். கஸ்ரு இருவருக்கும் உண்டு. 'சொகுசாக உட்கார்ந்து, சில மணி நேரத்தில் போய்ச் சேருபவருக்கும் கஸ்ரா?' என்று சிலர் ஐயுறுகிறார்கள். கடலில் அத்தனை மைல்களையும் ஒரே நாழிகையில் கடந்தாலும் கஸ்ரு செய்யலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் எழுதியிருக்கிறார்கள். விமானம் பிறப்பதற்கு ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முந்திய சட்டம் அது!

நோன்பாளி கீழேயுள்ள ஊரின் நேரத்தைக் கேட்டு இஃப்தார் செய்யலாகாது. 11 கிலோ மீட்டர் உயரத்திலிருப்பவருக்குச் சூரியன் தரையிலிருப்பவரைவிடப் பிந்தியே மறையும். தம் கண்ணுக்கு அது மறைந்த பின்னரே நோன்பு திறக்க வேண்டும்.

இன்னொரு விந்தை: வெள்ளி பிறந்ததும் கிளம்பியவர் நடுக்கடலில் தேதிக் கோட்டைத் தாண்டியதும் மீண்டும் வியாழனுக்குள் புகுகிறார்! நியூயார்க்கில் இறங்கும்போது ஸுபுஹை ஒட்டிய வேளை, அங்கே வெள்ளி. தேதிக் கோடு மனிதர் வகுத்தது. இடையே சூரியன் ஒரு முறைதான் உதித்து மறைந்தது. ஆகவே தொழுகையும் ஒரு நாளுக்குரியதே. அங்கே தங்கி முகீமாகிவிடுபவர், 'என் வெள்ளி வானிலேயே கழிந்து விட்டது' என்று ஜும்ஆவை விட முடியாது என்பதே எமது கருத்து.

சிங்கப்பூர்வாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாங்கி விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே இஷா தொழுதால் நான்கு ரக்அத்துகள்தான்.